பொதுச் சுவரில் இரண்டு தட்டு

வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில், மடியில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த பாதாம் இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பள்ளிக்கூட மரத்தடியிலேயே பொறுக்கிய இலை. பாயசத்தில் போடுகிற பாதாம் இல்லை. குடை மாதிரி அடுக்கடுக்காக விரிந்து நிற்குமே, பிள்ளைகள் பழத்தைக் கல்லால் நசுக்கித் தின்னுமே, அந்த நாட்டுப் பாதாம். ஃபைட்டர் மீன் இருக்கிற தொட்டியில் அந்தச் சருகைப் போட்டால் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வரும், மீனுக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

பக்கத்து சீட்டு அம்மா சாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மலைக்கு வந்து குப்பைய அள்ளிக்கினு போற?" என்று கேட்டாள்.

"வூட்ல குப்பை கம்மியா இருக்குது, அதான்" என்றேன்.

மலைப்பாதையில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. கடைசி வளைவு திரும்பித் தரை தெரிந்ததும் ஃபோன் அடித்தது. எங்கள் தெருவில் பால் ஊற்றும் செல்வி. "அக்கா, கண்டக்டரு போய்ட்டாருக்கா" என்றாள். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க போய்ட்டாரு? ரிட்டையர் ஆன ஆளை மறுபடி டூட்டிக்குக் கூப்ட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் செல்வி அழுகிற சத்தம் கேட்டது. எல்லோரையும் கிண்டல் செய்தே வயசை ஓட்டிய வாய் இது. ஊசியும் நூலும் என்னிடமேதான் இருக்கின்றன. அன்றைக்கு அந்த வாயைத் தைத்துப் போட்டிருக்கலாம்.

அவர் பெயர் தணிகாசலம் என்பது படத்திறப்பு நோட்டீஸைப் பார்த்துத்தான் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் சங்கராபுரத்துக்கு வண்டி கட்டி வந்து, அவர் ஷெட்டில் மீன் பார்த்து, மீன் பேசி, மீன் கொண்டுபோன உங்களுக்கெல்லாம் அவர் கண்டக்டர்தான். எனக்குக் கண்டக்டர் அண்ணன். என் வீட்டுக்கும் அவர் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பொதுச் சுவர்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் நினைவாகப் போடுகிற இந்தச் சின்னப் புத்தகத்துக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் ஐந்தாவதில் பாதி நாள் அம்மாவோடு களை பறிக்கப் போய்விட்டேன். எழுத்தில் தப்பு இருந்தால் எடுத்து மீனுக்குப் போட்டுவிடுங்கள்.

படத்திறப்பில் மைக்கை என் கையில் கொடுத்தபோது, "ரொம்ப நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பேசுகிறவள் ஏன் இவ்வளவு சின்னதாகப் பேசினாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. கார் ஷெட்டுக்குள் முப்பது தொட்டி வைத்தும் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறாமல் காத்தார் என்றுதான் நீங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறீர்கள். அவர் செய்த மாதிரியே உங்கள் வீட்டு ஷெட்டிலும் செய்கிறீர்கள். ஓதம் ஏறவில்லை என்பதற்கு ஒரே சாட்சி நான். அது பொய்ச் சாட்சி. இதை நான் சொல்லாவிட்டால் உங்கள் அடுத்த வீட்டுக்காரர் சுவர் கெடும். சொன்னால் போன மனுசன் பெயர் கெடும். மைக் முன்னால் எது பெரிசு என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். முழுசாகச் சொன்னால் அவர் பெயர் கெடாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஷெட் மீனுக்காகக் கட்டியது இல்லை. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்த மனுசன், சொந்தமாக ஒரு சைக்கிள்தான் வைத்திருந்தார். மகன் பெங்களூரில் வேலைக்குப் போனதும், "பையன் கார் வாங்கிடுவான், வந்தா எங்க நிறுத்துவான்?" என்று ஷட்டர் வைத்து, சிமெண்டுத் தரை போட்டு ஷெட்டைக் கட்டினார். பையன் காரும் வாங்கினான். வருகிறபோதெல்லாம் பஸ்ஸில்தான் வந்தான், வந்த அன்றே திரும்பினான். அண்ணி காலமான பிறகு அதுவும் குறைந்தது. ஒருநாள் ஷட்டரைத் தூக்கிவிட்டு, காலி ஷெட்டின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே ஒரு நீல ஃபைட்டர்.

"இன்னா ண்ணா, கார் வருதுன்னு பாத்தா மீன் வந்திருக்குது?" என்றேன்.

"இதுக்கு லைசென்ஸ் வேணாம் மல்லிகா" என்றார்.

ஒன்று நாலாகி, நாலு பத்தாகி, இரும்பு ராக் அடித்து மூன்று அடுக்காகத் தொட்டிகள் வந்துவிட்டன. கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு. எல்லாத் தொட்டிக்கும் ஒரே மோட்டாரிலிருந்து காற்றுக் குழாய். ராக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் என் துணி அலமாரி.

முதல் மழைக்காலத்திலேயே கண்டம் வந்தது. முகூர்த்த ஜாக்கெட் ஒன்று, அரக்குப் பட்டு, கொக்கி வைக்கிற வேலை மட்டும் பாக்கி. அலமாரியிலிருந்து எடுத்தால் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ண்ணா, உங்க மீனு என் வூட்டுக்குள்ள நீந்திக்கினு வந்துட்டுச்சு, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாதான் இருக்குது. வெள்ளைப் பூ போட்டதா?"

"பூவும் இல்ல, காயும் இல்ல, பூசணம். நாளன்னிக்கு முகூர்த்தம். பொண்ணோட அம்மா வந்தா உங்களதான் கை காட்டுவேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கே என்னோடு பெண் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால், "தப்பு தையக்காரம்மா மேல இல்லீங்க, என் மீன் மேல" என்றார். அந்த அம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதே நிறத்தில் அவரே துணி தேடி எடுத்து வந்தார். ஒரே பகலில் தைத்து முடித்தேன். கொக்கி வைக்கிறவரை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்து, பெண் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான்.

மறுநாள் என்னை ஷெட்டுக்குள் கூப்பிட்டுச் சொன்ன பாடத்தை உங்களுக்கும் சொல்லியிருப்பார். "மழை நாள்ல ஜன்னலெல்லாம் எறக்கிட்டு அம்பது பேரு பஸ்ல ஏறினா கண்ணாடி இன்னா ஆவும்?"

"வேர்க்கும்."

"அது வெளிய பெய்ற மழை இல்ல, உள்ள இருக்கிற ஜனங்க மூச்சு. இங்க தண்ணி மூச்சு வுடுது. ஏர்றதுக்கு ஒரு படி இருந்தா எறங்கறதுக்கு ஒரு படி வேணும் மல்லிகா. நான் பின் படிக்கட்டு வைக்க மறந்துட்டேன்."

பின் சுவரில் மேலே ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். அதுதான் பின் படிக்கட்டு. ஷட்டரைத் தரையோடு இறக்காமல் நாலு விரல் சந்து விட்டார். அது முன் படிக்கட்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் கண்ணாடி மூடி வெட்டிப் போட்டு, "ஏர்ற கூட்டத்தையே கம்மி பண்ணிட்டேன்" என்றார். கோடையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்க ஃபேனை ஓடவிட்டார். சுவர் முன்னைவிடச் சொதசொதவென்று ஆனது. மூன்று நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கண்டுபிடித்தார். "வெளிய நிக்கிற கூட்டம் உள்ள இருக்கிற கூட்டத்தைவிட ஜாஸ்தி. அதைப் போய் வா வான்னு ஏத்திக்கினு இருந்திருக்கேன்." அதிலிருந்து மழை பெய்கிறபோது ஃபேனை நிறுத்தி ஷட்டரை முழுசாக இறக்கிவிடுவார். வெயில் முகம் காட்டினால் மட்டும் திறப்பு.

உப்புக் கதையை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். கல்லுப்பு ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு மூட்டை வாங்கி ஷட்டர் ஓரமாக அடுக்கினார். இழுத்தது, பொய் இல்லை. இழுத்ததை எல்லாம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் உருகி, ஷட்டருக்கு அடியில் வழிந்து தெருவுக்கு வந்தது. மறுநாள் காலையில் தெருவில் இருக்கிற ஆடு அத்தனையும் அவர் வாசலில் வரிசை கட்டி நக்கிக்கொண்டிருந்தது. அவர் ஷட்டரைத் தூக்கினால் ஒன்று உள்ளேயே நுழைந்துவிட்டது. "உள்ள போ, உள்ள போ, முன்னால நிக்காத" என்று நான் வாசலில் நின்று அவர் குரலிலேயே கத்தினேன். ஆட்டை ஒரு கையாலும் வேட்டியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்காத மல்லிகா, ஆட்டுக்கெல்லாம் இது ஸ்டாப்பிங் ஆயிடப் போவுது" என்றார். ஒரு வாரம் ஸ்டாப்பிங்காகத்தான் இருந்தது. ஷட்டரின் அடித்தகடு துருப்பிடித்தது தனி.

அப்பளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரத்தை அளக்கிற கருவி வாங்கி ஆறு மாதத்தில் அதற்குள்ளேயே ஈரம் போய் நின்றுவிட்டது. அதற்குப் பதில், பொரிக்காத அப்பளத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்து ஷெட்டில் தொங்கவிட்டார். காலையில் மடக்கிப் பார்ப்பார். படக்கென்று உடைந்தால் நல்லது. தோல் மாதிரி வளைந்தால் பின் படிக்கட்டைத் திறக்க வேண்டும், அதாவது மழை இல்லாவிட்டால். "சாம்பார் எப்ப ண்ணா வைக்கப் போறீங்க?" என்று தினமும் கேட்பேன். ஒருநாள், வளைந்துபோன பழைய அப்பளத்தை எல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "வெயில்ல போட்டுப் பொரிச்சுத் துன்னுடுவேன். ஒத்தை ஆளுக்கு ஒரு அப்பளம் போதும்" என்றார். என் வீட்டிலும் ஒரு அப்பளம்தான்.

அப்பளம் ஷெட்டுக்குள் இருக்கிற காற்றைச் சொல்லும். சுவர் என் பக்கம் எப்படி இருக்கிறது என்பதை யார் சொல்வது? அதற்குத்தான் தட்டு வைத்தோம். பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் நில், இரண்டு கொடுத்தால் போ. அதே கணக்கு. காலையில் டீ குடித்ததும் நான் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் என்றால் கத்தரிக்கோல் பிடியால் ஒரு தட்டு. காய்ந்திருந்தால் இரண்டு தட்டு. அவர் அந்தப் பக்கத்திலிருந்து தன் பழைய டூட்டி விசிலை எடுத்து மெதுவாக ஊதிப் பதில் சொல்வார். இரண்டு தட்டுக்கு மட்டும் விசிலோடு சேர்த்து "ரைட்டு!" என்று ஒரு சத்தமும் வரும். வயசு போன குரலில் அந்த ஒரு சொல் மட்டும் இளசாக இருக்கும்.

தட்டு ஆரம்பித்த அன்றே ஒரு பேச்சும் பேசினார். "இத பாரு மல்லிகா. இன்னொரு தபா உன் பக்கம் ஓதம் வந்துச்சுன்னா மீன எல்லாம் கேக்கறவங்களுக்குக் கொடுத்துட்டு ஷட்டரை எறக்கிடறேன். ஒரு பொம்பள ஒத்தையா ஒழைக்கிற எடத்துல நான் ஈரத்தைக் கொட்டக் கூடாது." விளையாட்டாகச் சொல்லவில்லை. டிக்கெட் கொடுக்கிறபோது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அடுத்த ஐப்பசியில் ஓதம் வந்தது. மூடி இருந்தது, ஃபேன் இருந்தது, அவர் செய்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு காலையில் கையை வைத்தால் சில்லென்று ஒட்டியது. எடுத்தால் சுண்ணாம்பு கையோடு வந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை. கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்தேன். ஒரு தட்டு தட்டினேன் என்றால் அன்றோடு ஷெட் காலி.

மகளை ரிஷிவந்தியத்தில் கட்டிக் கொடுத்த பிறகு என் வீட்டில் சத்தம் என்றால் மெஷின் சத்தம்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ மழை ஆகிவிட்டது. மெஷினை நிறுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொட்டிக் குமிழியின் சத்தம் வரும். பக்கத்து அறையில் யாரோ உலை வைத்திருக்கிற மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி இருக்கும். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பட்டன் துளைக்குக் காஜா எடுப்பேன்.

இரண்டு தட்டு தட்டினேன்.

"ரைட்டு!" என்று அந்தப் பக்கம் சத்தம் வந்தது.

துணி அலமாரியை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டேன். கறைமேல் தினசரி காலண்டர் ஒன்றைத் தாழ்வாக மாட்டினேன். ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும், மார்கழிக் குளிரிலும், சுவர் எப்படி இருந்தாலும் இரண்டு தட்டுதான்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "அடுத்த வூட்டு செவுரே சாட்சி" என்பார். ஒருமுறை உங்களில் நாலு பேரை என் வீட்டுக்கே கூட்டிவந்தார். "சொல்லும்மா, செவுரு எப்படி இருக்குது?"

"செவுரா? என்னைவிட காஞ்சி போய் இருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் மட்டும், "இன்னாக்கா, காலண்டர் தாளெல்லாம் சுருண்டுகினு இருக்குது? அதுவும் முட்டிக்குக் கீழ மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் இதைப் படிப்பார். உங்கள் கண்ணைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது தம்பி, அன்றைக்கு.

"தரையில குந்திக்கினு காஜா எடுக்கறவளுக்கு ஒசரத்துல தொங்கினா எப்படித் தெரியும்? சுருண்டது என் அழகப் பாத்து வெக்கத்துல" என்றேன். மறுபடி சிரிப்பு. கண்டக்டர் அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நூல் சரிசெய்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். சம்பந்தமே இல்லாமல் பஸ் கதை சொன்னார். "டிக்கெட் எடுக்காத ஆளு என் மூஞ்சைப் பாக்க மாட்டான் மல்லிகா. ஜன்னல் வழியா மலையப் பாப்பான். தெனம் பாக்கற மலை. அன்னிக்கு மட்டும் அதுல இன்னா புதுசா இருக்குது?"

"அப்ப எல்லாரையும் புடிச்சிடுவீங்க?"

"எல்லாரையும் புடிக்க மாட்டேன். செல ஆளுங்களப் பாத்தா, எறங்கற எடம் வரைக்கும் வரட்டும்னு வுட்டுடுவேன்."

"நல்ல கண்டக்டர்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன ஆச்சு என்றதற்கு, "சொம்மா, தொட்டி கழுவுனேன்" என்றார். அந்த மழைக்காலத்தில் கறை ஒரு சாண் இறங்கியிருந்தது. பொய்யைத் தினமும் சொன்னால் சுவரே நம்பிவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலையிலும் தட்டினேன். வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சுவரில் கையைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு தட்டு. விசில் வந்தது. "ரைட்டு! எலைய மறந்துட்டு வந்தீன்னா மறுபடி மலையேத்தி வுட்டுடுவேன்" என்று சத்தம் வந்தது. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். நல்ல வெயில் நாள். ஷட்டர் சந்து நாலு விரல் திறந்திருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்று செல்வி சொன்னாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் ஆளுக்கு இரண்டு வாளி கொண்டுவந்து மீனை எல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு வாளியிலும் நான் இரண்டு இலை போட்டேன். "அக்கா, நீங்க ஒரு ஃபைட்டர் வெச்சிக்குங்களேன்" என்று கேட்டீர்கள். "எனக்கு ஏற்கெனவே இருக்கிற ஈரம் போதும்பா" என்றேன். நீங்கள் கிண்டல் என்று நினைத்தீர்கள்.

ராக்கைத் தூக்கி வெளியே வைத்த பிறகு தரையைப் பார்த்தேன். இரும்புக் கால் அழுந்திய பழைய தடம் சுவரோடு ஒட்டி இருந்தது. புதுத் தடம் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி. நடுவில் சிமெண்டில் இழுத்த கீறல். தண்ணீர் நிறைந்த தொட்டியை ஒவ்வொன்றாக இறைத்து, இறக்கி, ராக்கைத் தனியாக இழுத்து, மறுபடி ஏற்றி நிரப்பியிருக்கிறார். எப்போது செய்தார், எதற்குச் செய்தார் என்று எனக்கு அவர் சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்கவும் முடியாது. இடுப்பு மட்டும் ஞாபகம் வந்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மூடி போடுங்கள், பின் படிக்கட்டு வையுங்கள், மழையில் ஷட்டரை இறக்குங்கள், அப்பளத்தைத் தொங்கவிடுங்கள். அவர் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் ராக்கைப் பொதுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அதையும் அவரேதான் கண்டுபிடித்தார், உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பீர்கள். கேட்டால் என் பொய்யையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்குப் பிறகும் என் பக்கம் கொஞ்சம் ஓதம் இருக்கத்தான் செய்தது. உங்கள் அடுத்த வீட்டில் சுவரைத் தொட்டுப் பார்த்து உண்மையைச் சொல்கிற ஆள் இருந்தால் இன்னும் நல்லது. என்னை மாதிரி ஆளாக இருந்தால் காலண்டரைத் தூக்கிப் பாருங்கள்.

பதினாறாம் நாள் வரை மகனின் கார் அந்த ஷெட்டில் நின்றது. கட்டினதிலிருந்து முதல் தடவை. பிறகு ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனான். நல்ல பையன்தான். ஊருக்குக் கிளம்புகிறபோது, "அத்தை, அப்பா ஞாபகமா இன்னா வேணுமோ எடுத்துக்குங்க" என்றான். நூலில் தொங்கிக்கொண்டிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டேன். விசிலை அவனிடமே கொடுத்துவிட்டேன். அது அவர் வாயில் வைத்து ஊதியது. மகன் வைத்திருக்க வேண்டியது.

இப்போது மெஷினை நிறுத்தினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வருவதில்லை. கறை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தரையோடு போய்விட்டது. காலண்டர் தாள் நேராக நிற்கிறது. ஊசியை எண்ணெய்த் துணியில் சுற்ற வேண்டியதில்லை. உப்பு ஜாடியில் கையை விட்டால் உதிரி உதிரியாக வருகிறது. சாக்கில் மிச்சம் இருக்கிற பாதாம் இலையைத் தொட்டால் பொடியாகிறது. ஒரு தையக்காரிக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது.

போன வாரம் டீ குடித்துவிட்டுக் காலண்டரைக் கழற்றினேன். உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினேன். இத்தனை மழைக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அது உண்மையான தட்டு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், ஓர் அப்பளமும் ஒரு காய்ந்த சுவரும். ஈரமாக இருந்த நாளில் கையை வைத்து எடுத்தால் சுண்ணாம்பு கையோடு வரும். இப்போது எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஒன்றும் வருவதில்லை.